கூரைக் கடிதம்

எங்கள் வீட்டுச் சுவர் யன்னல் மட்டத்தில் நின்றுபோன காலங்களில் எனக்கு நிம்மதியாக இருக்கும். சீமெந்து மூட்டை வந்து இறங்கினால் அந்த நிம்மதி போய்விடும். வீடு கட்டுகிற குடும்பத்துக்குள் இப்படி ஒரு பிள்ளை இருந்தது அந்த நாட்களில் யாருக்கும் தெரியாது.

எங்கள் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் வீடு பெண்ணுக்குரியது. கலியாணம் முடித்து மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே ஒரு குமருக்கு வீடு கட்டி முடிவதும் அவளுக்குக் கலியாணம் நடப்பதும் ஏறக்குறைய ஒரே காரியம். அத்திவாரம் போட்டால் பேச்சு வரும். கூரை ஏறினால் நிக்காஹ்வுக்கு நாள் குறிப்பார்கள். எங்கள் வீட்டில் நான் மூத்தவள், எனக்குக் கீழே ஒரு தங்கை. உம்மாவுக்குச் சீதனமாக வந்த வீடு கடற்கரையிலிருந்து நாலாவது வளவில் இருந்தது. முறைப்படி அது எனக்கு வர வேண்டியது. சுனாமி வந்த காலையில் அது கிணற்றுக் கட்டை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டது.

வாப்பா கரைவலை இழுப்பவர். அன்று காய்ச்சலென்று கடலுக்குப் போகவில்லை. வீட்டில் இருந்த அவர் எங்களை இழுத்துக்கொண்டு ஓடியதால் நாலு பேரும் மிஞ்சினோம். ஆளை இழந்த வீடுகள் நிறைந்த எங்கள் தெருவில் அதை இன்றைக்கும் நாங்கள் உரத்துச் சொல்வதில்லை.

அதற்குச் சில நாட்களுக்கு முன்தான் நான் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் அவ்வளவு தூரம் படித்த முதல் ஆள் நான்தான். வாப்பாவும் உம்மாவும் ஓதப்பள்ளியில் குர்ஆன் ஓதியவர்கள். தமிழ் எழுத்து தெரியாது. அகதி முகாமாக மாறியிருந்த பாடசாலையில், நான் படித்த அதே வகுப்பறையில், பாய் விரித்துப் படுத்துக்கொண்டு நான் எல்லாருக்கும் படிவம் நிரப்பினேன். எத்தனை பேர் மௌத்து, எத்தனை பேர் காணாமல் போனது, வீடு முழுச் சேதமா, பாதிச் சேதமா. காலையில் கண் விழிக்கும்போதே இரண்டு பேர் படிவத்தோடு காலடியில் குந்தியிருப்பார்கள். களைத்துப் போவேன். ஆனாலும் அந்தக் களைப்பில் ஒரு பெருமை இருந்தது. பதினாறு வயதில் என் பேனை இல்லாமல் ஒரு தெரு அசையவில்லை.

படிவங்களைக் கொண்டுபோய்க் கொடுக்கிற இடத்தில்தான் எனக்கு அந்த ஆசை பிடித்தது. பிரதேச செயலகத்தில் ஒரு நீள மேசை. இந்தப் பக்கம் நாங்கள் வெயிலில் வந்து நிற்போம். அந்தப் பக்கம் கதிரையில் இருப்பவர்கள் வாசிப்பார்கள், கையெழுத்து வைப்பார்கள், முத்திரை குத்துவார்கள், ‘அடுத்த கிழமை வாங்க’ என்பார்கள். எனக்கு அந்தப் பக்கம் போய் இருக்க வேண்டும் என்றிருந்தது. அதற்குக் கெம்பஸ், அதாவது பல்கலைக்கழகம், போக வேண்டும். கெம்பஸ் போக உயர்தரப் பரீட்சையில் நல்ல புள்ளி வேண்டும். அதை மூன்று தடவைக்கு மேல் எழுதிக் கெம்பஸ் கேட்க முடியாது. அவ்வளவுதான் என் திட்டம்.

கடலோரத்தில் திரும்பக் கட்டக் கூடாது என்று சொல்லி, உள்ளே வயலை நிரப்பிய காணியில் எங்களுக்கு ஒரு துண்டு தந்தார்கள். மழை பெய்தால் பழைய வயல் தன்னை ஞாபகப்படுத்தும். காணியின் பின்பக்கத்தில் தகரக் கொட்டில் போட்டு அதில் இருந்துகொண்டு, முன்னால் வீட்டைக் கட்டத் தொடங்கினோம். வீட்டு உதவிப் பணம் மொத்தமாக வராது, கட்டம் கட்டமாக வரும். ஒரு கட்டம் முடிந்ததும் உத்தியோகத்தர் வந்து பார்ப்பார். பிறகு அடுத்த கட்டத்துக்குக் கடிதம் கொடுக்க வேண்டும். கடிதம் எழுதுவது நான். பாடசாலைக்குப் போகிற வழியில் அதை அலுவலகத்தில் கொடுப்பதும் நான். வாப்பா பெருவிரலை மையில் ஒற்றி நீட்டுவார். நான் காட்டுகிற இடத்தில் வைப்பார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மேசன் வேலை செய்தது உம்மாவின் தம்பி, என் மாமா. வேறு இடங்களில் வேலை இல்லாத நாட்களில் வந்து சுவர் வைப்பார். வாசல் நிலை வைத்த அன்று பாத்திஹா ஓதி, உம்மா பாச்சோறு ஆக்கினா. அதைச் சாப்பிட்டுக்கொண்டு மாமா சொன்னார்:

“மருமகள், உன்ட படிப்பும் என்ட செவரும் ஒரே மாதிரிதான். எழும்புது, நிக்கிது. எழும்புது, நிக்கிது.”

“உங்கட செவர் நிக்கிறது சீமெந்து இல்லாம மாமா. என்ட படிப்பு நிக்கிறது கடையடைப்பால.”

“ஆ, வாய்க்கு மட்டும் இன்னும் கடையடைப்பு வரல்ல” என்றார்.

அந்தக் கிழமையே மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை கட்டாரில் இருந்தார். அவருடைய உம்மா வந்து, நிலைக்குள்ளால் குனிந்து நுழைந்து, கூரையில்லாத அறைக்குள் நின்று வானத்தைப் பார்த்தா. சுவரை விரலால் தட்டினா.

“அறை ரெண்டுதானா?”

“இப்ப ரெண்டுதான் ராத்தா” என்றார் மாமா. “மாப்பிள்ள வந்தா மூணாவது அறை தானா முளைக்கும்.”

அவ சிரிக்கவில்லை. என்னைக் காட்டி, “புள்ள இன்னும் படிக்கிறாவா?” என்று கேட்டா.

“அது இந்தச் சோதினையோட முடிஞ்சிடும்” என்று உம்மா அவசரமாகச் சொன்னா.

கூரை போட்டதும் நிக்காஹ் என்று பேச்சு முடிந்தது. என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்கு அந்த மாப்பிள்ளை மேல் ஒரு குறையும் இல்லை. எனக்கு வேண்டியிருந்தது நேரம் மட்டும்தான்.

முதல் தரம் எழுதிய வருடம் கிழக்கில் சண்டை நடந்துகொண்டிருந்தது. கிழமையில் இரண்டு நாள் வகுப்பு இருந்தால் அது நல்ல கிழமை. தெற்கே காட்டுப் பக்கமிருந்து வரும் சத்தத்துக்கு வகுப்பறை யன்னல் அதிரும். ஆசிரியர் ஒரு கணம் நிறுத்திவிட்டு விட்ட வசனத்திலிருந்து தொடருவார். மூன்று பாடமும் சித்தி, தேறிவிட்டேன். ஆனால் மூன்றும் சாதாரண சித்தி. கெம்பஸுக்குக் கிட்டவும் போகாத புள்ளி. எங்கள் தெருவுக்கு அதுவே போதுமாக இருந்தது. உம்மா சந்தோசத்தில் அயலுக்கெல்லாம் பலகாரம் கொடுத்தனுப்பினா. நான் கொட்டிலுக்குள் படுத்துக்கொண்டு, வாசலில் வந்து வாழ்த்துகிறவர்களுக்குத் தலைவலி என்று சொல்லச் சொன்னேன்.

“மறுகாவும் எழுதப் போறன்” என்றேன் வாப்பாவிடம்.

வாப்பா வலைக் கயிறு உரித்த கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். “கூரை போடுற வரைக்கும் எழுது மகள்” என்றார்.

அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து நான் வீட்டைப் பரீட்சைத் திகதியோடு வைத்து அளக்கத் தொடங்கினேன். அந்த வருடம் மாமாவுக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. சுவர் விறுவிறென்று எழும்பியது. இரண்டாவது பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது உத்தியோகத்தர் வந்து பார்த்துவிட்டு, “சரி, கூரைக்குக் கடிதத்தைக் குடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கடிதத்தை எழுதினேன். நல்ல கடிதம். வாப்பா விரல் வைத்தார். மறுநாள் காலையில் அதைத் தேசப்படப் புத்தகத்துக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். செயலகத்து வாசலில் சைக்கிளிலிருந்து இறங்கினேன். அப்படியே நின்றேன். கூரை வந்தால் பரீட்சைக்கு முன் நிக்காஹ். நிக்காஹ் வந்தால், ‘பொறகு எழுதலாம்’ என்று சொல்வார்கள். எங்கள் ஊரில் அப்படிச் சொல்லக் கேட்ட எத்தனையோ பெண்களில் ஒருத்திகூடப் பிறகு எழுதியதை நான் கண்டதில்லை. திரும்பவும் சைக்கிளில் ஏறினேன்.

பரீட்சை வரைக்கும்தான், முடிந்த அடுத்த நாளே கொடுத்துவிடுவேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் வாப்பாவைப் பற்றி நான் யோசிக்கவில்லை. ஆட்களைச் சந்திக்கிற நாளான புதன்கிழமைகளில் அவர் கரைவலைக்குப் போகாமல், கூரைக் காசு என்னாயிற்று என்று கேட்கச் செயலகத்துக்குப் போனார். வலை இழுக்கப் போகாத நாளில் பங்கு மீன் இல்லை. அன்றைக்கு எங்களுக்குப் பருப்புதான். வெள்ளைச் சாறன் உடுத்து, தொப்பி போட்டு, பெருநாளுக்குப் போகிற மாதிரிப் போவார். மத்தியானம் வேர்த்து வடிந்து வருவார்.

“என்னவாம் வாப்பா?” என்று தங்கை கேட்பாள்.

“இன்னும் வரல்லயாம். வருமாம்.”

முதல் புதன்கிழமை நான் எழும்பிக் கொட்டிலுக்குப் பின்னால் போய் நின்றேன். நாலாவது புதன்கிழமை இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் பயமாக இருக்கிறது. நான் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல், அவர் செருப்பைக் கழற்றும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஆவணியில் இரண்டாம் தரம் எழுதினேன். புவியியல் வினாத்தாளில் ஒரு முழு வினாவைத் தவறவிட்டேன். பெறுபேறு வருமுன்பே என் நிலைமை எனக்குத் தெரிந்தது. அடுத்த நாள் கடிதத்தைக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. முதல் மூன்று மாதம் பரீட்சைக்காக ஒளித்தேன். அதற்குப் பிறகு ஒளித்தது பயத்தில். இவ்வளவு நாள் எங்கே கிடந்தது என்று கேட்டால் என்ன சொல்வது? ஒவ்வொரு கிழமையும் அந்தக் கேள்வி இன்னும் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டு போனது.

பிறகு மாரி வந்தது. காணி பழைய வயலாக மாறியது. கொட்டிலுக்குள் தண்ணீர் ஏறி, அடுப்பைக் கதிரை மேல் வைத்துச் சமைத்தோம். முன்னால் நாலு பக்கமும் சுவர் எழும்பி முடிந்த வீடு கூரையில்லாமல் நனைந்து, உட்சுவரெல்லாம் பாசி பிடித்தது. உம்மாவுக்கு இழுப்பு தொடங்கியது. படுக்க ஏலாது. சுவரில் சாய்ந்து இருந்தபடி கண்ணை மூடுவா. மூச்சு விடும் சத்தம் தகரத்தில் விழும் மழைக்கு மேலால் கேட்கும். ஒருநாள் விடியற்காலை அவ அப்படி இருந்தபடியே, காசு அனுப்பாத செயலகத்தை நினைத்து, என்னிடம், “இந்தக் கந்தோர்க்காரனுகளுக்கு உம்மா வாப்பா இல்லயா மகள்?” என்று கேட்டா.

அன்றைக்கு மழையில் நனைந்துகொண்டே போய்க் கடிதத்தைக் கொடுத்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவ பாண்டிருப்பிலிருந்து வரும் ஒரு தமிழ் அக்கா. கடிதத்தின் மேலே நான் இட்டிருந்த பழைய திகதியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. அன்றைய திகதி முத்திரையைக் குத்திப் பிரதியை என்னிடம் நீட்டினா. நான் அதை வாங்காமல் வந்துவிட்டேன்.

அடுத்த புதன்கிழமை வாப்பா போனார். அன்று மத்தியானம் வந்தபோது அவர் கையில் அந்தப் பிரதி இருந்தது, நனையாமல் பொலித்தீன் பையில் சுற்றி. உம்மாவும் தங்கையும் அயல் வீட்டில் இருந்தார்கள். வாப்பா ஈரச் சாறனோடு என் முன்னால் குந்தினார்.

“கந்தோர்ல இரிக்கிற அந்தப் புள்ள என்னமோ திகதி ஒண்டு செல்லிச்சு. எனக்கு விளங்கல்ல. இதுல என்ன போட்டிரிக்கி எண்டு வாசி மகள்.”

முத்திரையின் மேல் விரலை வைத்துக் காட்டினார். அந்தக் கணத்தில் நான் எந்தத் திகதியையும் சொல்லியிருக்கலாம். அவருக்கு வாசிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் வாசிக்கத் தெரிந்த பெரிய ஆள் நான் மட்டும்தான். சித்திரை என்றால் சித்திரை, வைகாசி என்றால் வைகாசி. வாய்வரைக்கும் வந்தது. அவருடைய விரல் நுனியில் உப்புத் தண்ணீரில் வெடித்த வெடிப்புகளைப் பார்த்தேன்.

“போன கிழமைத் திகதி வாப்பா” என்றேன்.

“போன கிழமையா?”

“ஓம். நான் போன கிழமைதான் குடுத்தன்.”

அவர் பிரதியைத் திரும்பவும் பொலித்தீன் பைக்குள் வைத்துச் சுற்றினார். மழை கொஞ்சம் ஓய்ந்து, பிறகு பெரிதாகப் பிடித்தது.

“ஒவ்வொரு புதன்கிழமயும் நான் அங்க போய் நிண்டது உனக்குத் தெரியும்தானே?”

“தெரியும் வாப்பா.”

“நான் அந்தப் புள்ளைக்கு ஏசினன். ரெண்டு மூணு தரம் ஏசினன். ‘காக்கா, உங்கட கடிதம் வரல்ல, வந்தாத்தானே நான் அனுப்ப’ எண்டு அந்தப் புள்ள அழாத குறையாச் செல்லிச்சு. நான் நம்பல்ல.”

நான் அழுதேன். அவர் என்னை அழ வேண்டாம் என்றும் சொல்லவில்லை, அடிக்கவும் இல்லை. அவருக்குக் களைப்பு. எனக்கும் களைப்பு. ஒரே கொட்டிலுக்குள் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுத்து இழுத்துக் கை சோர்ந்துபோன மாதிரி இருந்தது.

கடைசியில் எழும்பி, சாறனைப் பிழிந்துகொண்டு சொன்னார்: “சோதினைய எழுது. மூணாந் தரமும் எழுது. நான் தடுக்கல்ல. ஆனா இனி என்ட கடிதத்த நீ எழுதாத.”

அதற்குப் பிறகு அவர் கடிதங்களைச் செயலகத்துக்கு முன்னால் மரத்தடியில் மேசை போட்டு எழுதுகிறவரிடம் கொண்டுபோனார். நான் பாடசாலைக்குப் போகும் வழியில், வாப்பா அந்த ஆளின் முன்னால் குனிந்து நின்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பதை இரண்டு தரம் கண்டேன். தெருவே என் பேனைக்குக் காத்து நின்றது ஒரு காலம். இப்போது என் வாப்பா என்னைக் கடந்து போய் வேறு ஆளிடம் எழுதுவித்தார். இரண்டு தரமும் கெம்பஸ் புள்ளி கிடைக்காமல் போனதுகூட எனக்கு இப்படி நோகவில்லை.

இரண்டாவது பெறுபேறு வந்தது. நினைத்த மாதிரித்தான். உம்மா சொன்னா, “ரெண்டு தரம் எழுதியும் போதாதாம். மூணாந் தரம் எழுதினா மட்டும் என்ன, சோதினை இரங்கிப் போகுமா?” ஆனால் அவவும் தடுக்கவில்லை. மழை விட்டதும் கூரைக்கு மரமும் ஓடும் வந்தன. மாமா ஓடு வைத்து முடித்தார். கூரை போட்ட அந்த மாதத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடமிருந்து ஆள் வந்தது. இவ்வளவு காலம் பொறுத்துப் பார்த்தார்களாம். மாப்பிள்ளை லீவில் வந்தபோது வேறு ஊரில் கட்டி முடித்த வீட்டோடு ஒரு பெண் கிடைத்ததாம். உம்மா புது வீட்டின் முன்னறையில் கதவை மூடிக்கொண்டு அழுதா. நான் ஒளித்த கடிதம் எனக்கு எதைத் தந்தது, எதை எடுத்தது என்று அன்றைக்குக் கணக்குப் பார்க்க எனக்குத் தெம்பிருக்கவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனேன்.

மூன்றாம் தரம் படித்தது எப்படி என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. ஆசையும் இல்லை, கோபமும் இல்லை. காலையில் எழும்பினேன், தொழுதேன், படித்தேன். ஏற்கெனவே மனப்பாடமானதை மீண்டும் படித்தேன். என்னோடு தொடங்கியவர்கள் பிள்ளை பெற்றிருந்தார்கள். வகுப்பில் என்னைவிட இரண்டு வயது இளையவர்கள் பக்கத்தில் இருந்தார்கள். பகிடிக்கு என்னை ‘டீச்சர்’ என்று கூப்பிட்டார்கள். விடாமுயற்சி என்று புத்தகத்தில் போட்டிருப்பதற்கு ஒரு வெளிச்சம் இருக்கும். எனக்கு இருந்தது வேறு. விட்டுவிட்டால், வாப்பா நின்ற அத்தனை புதன்கிழமையும் வீணாகிவிடும் என்ற நினைப்பு. அந்த நினைப்புக்கு வெளிச்சம் ஒன்றும் இல்லை. பாரம்தான்.

அந்த வைகாசியில் யுத்தம் முடிந்தது. சந்தியில் வெடி கொளுத்தினார்கள். அந்தக் கிழமை ஒரு சான்றிதழுக்காக நான் செயலகத்துக்குப் போனேன். பாண்டிருப்பு அக்கா கதிரையில் இருந்தா. அவவின் தங்கை குடும்பம் வன்னியில், ஒரு தகவலும் இல்லை என்று பக்கத்து மேசைக்காரர் மெதுவாகச் சொன்னார். வெளியே வெடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவவின் தோள் அசைந்தது. மேசையில் தேநீர் ஆறிக் கிடந்தது. என் படிவத்தை முழுதும் வாசித்து, முத்திரை குத்தித் தந்தா.

“அக்கா, அண்டைக்கு எங்கட வாப்பா உங்களுக்கு ஏசினதுக்கு…” என்று தொடங்கினேன்.

“போய்ப் படியுங்க தங்கச்சி” என்றா.

ஆவணியில் எழுதினேன். வருட முடிவில் பெறுபேறு வந்தது. கெம்பஸுக்குப் போதுமான புள்ளி. மாமா சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே வந்து, “மருமகள், உன்ட படிப்புக்கும் கூரை போட்டாச்சு!” என்று கத்தினார். உம்மா சிரித்தா, இருமினா, பிறகும் சிரித்தா. நான் முன்னறைத் தரையில் அமர்ந்து, நாள் முழுக்க வயலில் வேலை செய்தவள் மாதிரி காலை நீட்டிக்கொண்டு, ஓட்டுக்குக் கீழே உள்ள மரங்களைப் பார்த்தபடி இருந்தேன்.

கெம்பஸ் விடுதிக்கு விண்ணப்பப் படிவம் வந்தது. அதில் தகப்பன் சம்மதம் தெரிவித்து ஒப்பமிட வேண்டும். நிரப்பி எடுத்துக்கொண்டு, மைப்பெட்டியையும் கொண்டுபோய் வாப்பாவின் முன்னால் வைத்தேன். கடைசியாக நான் அவருக்கு நீட்டிய தாள் கூரைக் கடிதம். அவர் விரலை நீட்டவில்லை.

“வாசி” என்றார்.

“இது விடுதிக்கு வாப்பா. நான் அங்க தங்கி…”

“அதுல என்ன எழுதியிரிக்கோ அத வாசி. முதல்ல இருந்து.”

வாசித்தேன். என் முழுப் பெயர், முகவரி, பிறந்த திகதி. விடுதி விதிகள் இரண்டு பக்கம். வாசல் மூடும் நேரம், பார்வையாளர் வரக்கூடிய நாள், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது வரைக்கும். குரல் தளர்ந்தது. நிறுத்தினால், “ம், பொறகு?” என்றார். சில இடங்களில் திரும்ப வாசிக்கச் சொன்னார். அவருக்குக் கோபம் இல்லை. பார்த்துக்கொண்டிருந்தது தாளையும் அல்ல. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் சின்ன எழுத்தில் இருந்த அச்சக விபரத்தைக்கூட விடாமல் வாசித்தேன்.

“முடிஞ்சிதா?”

“முடிஞ்சிது வாப்பா.”

“ஒண்டும் விடல்லயே?”

“இல்ல.”

பெருவிரலை மையில் ஒற்றினார். நான் இடத்தைக் காட்டினேன். அவர் என் விரலைத் தள்ளிவிட்டு, ஒப்பமிட வேண்டிய கோட்டை அவரே தேடிக் கண்டுபிடித்து, அதன் மேல் வைத்து அழுத்தினார்.